குடத்துக்குள் யாருடைய ஓலை? வெனிஸ் குடியரசின் ஏற்றமும் இறக்கமும்

உலகின் பல நாடுகளில் மக்களாட்சி தேய்ந்து வருகிறது என்ற செய்தி ஆண்டுதோறும் ஏதாவது ஓர் அறிக்கையின் வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு இயல்பாகவே இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. மனிதருக்கு மூப்பு வருவதுபோல ஆட்சிமுறைக்கும் நாகரிகத்துக்கும் மூப்பு வருமா? தேர்தல் நடக்கிறது, நீதிமன்றம் இயங்குகிறது, சட்டமும் அப்படியே இருக்கிறது என்றால், எதைத் 'தேய்வு' என்கிறார்கள்?

இந்தச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள, இன்றைய இத்தாலியில் இருந்த வெனிஸ் குடியரசைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அது வாழ்ந்தது. 1797 வரை எந்த எதிரிப் படையும் அந்த நகரத்தைக் கைப்பற்றவில்லை. அதன் ஏற்றம், உச்சம், முடிவு மூன்றுமே ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. வெளியிலிருந்து வந்த அடி எது, உள்ளிருந்தே அரித்தது எது என்று பிரித்துப் பார்க்க முடிகிற அபூர்வமான வரலாறு அது.

முதலில் சொற்கள்

குடியரசு என்றால் பிறப்பால் வரும் மன்னர் இல்லாத அரசு. மக்களாட்சி என்றால் குடிமக்கள் அனைவருக்கும் ஆட்சியில் சம உரிமை உள்ள அரசு. எல்லா மக்களாட்சியும் குடியரசாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் மன்னர் இருக்கிறார். எல்லாக் குடியரசும் மக்களாட்சி ஆகிவிடாது. வெனிஸ் தன் வரலாற்றின் பெரும்பகுதியில் சில நூறு குடும்பங்களின் குடியரசாகவே இருந்தது.

வீழ்ச்சி வேறு, தேய்வு வேறு என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வீழ்ச்சிக்கு ஒரு தேதி உண்டு. தேய்வுக்குத் தேதி கிடையாது. அது நடக்கும் காலத்தில் பெரும்பாலும் செழிப்பின் தோற்றத்திலேயே நடக்கிறது.

ஆட்சிகள் சுழற்சியில் இயங்குகின்றன என்ற எண்ணம் மிகப் பழையது. மன்னராட்சி கொடுங்கோலாகும், அதைக் கவிழ்க்கும் சிலர் ஆட்சி சுயநலக் கும்பலாகும், அதைக் கவிழ்க்கும் மக்களாட்சி கும்பலாட்சியாகும், பிறகு மீண்டும் ஒற்றை ஆள் வருவார் என்று கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான பொலிபியஸ் கருதினார். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இபின் கல்தூன், ஆளும் கூட்டத்தைப் பிணைத்திருந்த ஒற்றுமை உணர்வு மூன்று நான்கு தலைமுறைகளில் சுகபோகத்தில் கரைந்துவிடுகிறது என்றார். இரண்டு பார்வையும் கூர்மையானவை. ஆனால், காலம் போனால் மூப்பு தானாக வரும் என்ற எண்ணத்தை இவை வாசகர் மனத்தில் ஆழப் பதித்துவிட்டன. வெனிஸின் வரலாற்றில் எனக்குத் தெரிவது வேறு: தேய்வைத் தொடங்கிவைத்த முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு, எடுத்த அவை உண்டு, எடுத்தவர்களுக்குக் கிடைத்த ஆதாயமும் உண்டு.

உப்பங்கழியில் எழுந்த நாடு

வெனிஸுக்கு வயல் கிடையாது. உப்பங்கழியில் சிதறிக் கிடந்த மண்திட்டுகளில், மரக்கட்டைகளைச் சேற்றில் இறக்கி அவற்றின்மேல் கட்டிய ஊர் அது. உப்பும் மீனும் மட்டுமே சொந்த விளைச்சல். மற்ற எல்லாவற்றையும் வாங்கித்தான் வாழ வேண்டும். ஆகவே அங்கே கடல் வணிகம் பிழைப்புக்கே அடிப்படையாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசருக்குக் கடற்படை உதவி செய்து, அதற்கு ஈடாக அவருடைய துறைமுகங்களில் வரிவிலக்கு பெற்றது முதல் பெரிய திருப்பம்.

அந்த வணிகத்தின் உயிர்நாடி 'கொலெகான்சா' என்ற ஒப்பந்தம். வீட்டில் இருப்பவர் முதல் போடுவார். இளைஞர் ஒருவர் சரக்கோடு கப்பலேறி எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கோ கான்ஸ்டாண்டினோப்பிளுக்கோ (இன்றைய இஸ்தான்புல்) போய் விற்று வாங்கி வருவார். கப்பலேறியவர் ஒரு காசும் போடவில்லையென்றால் லாபத்தில் கால் பங்கு அவருக்கு. மூன்றில் ஒரு பங்கு முதல் போட்டிருந்தால் லாபத்தில் பாதி. நம் கடைத்தெருவில் 'ஒர்க்கிங் பார்ட்னர்' என்பார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. கையில் எதுவும் இல்லாமல் முதல் பயணம் போன ஒருவர் இரண்டாம் பயணத்தில் சிறு முதலாளி. நான்கைந்து பயணம் கழிந்தால் அவரே அடுத்த இளைஞருக்கு முதல் போடுகிறவர். இப்படிப் புதிதாகப் பணம் சேர்த்த குடும்பங்கள் ஆட்சியிலும் இடம் கேட்டன, பெற்றன.

இந்தச் செல்வம் முழுவதும் நேர்மையான வாணிபத்தில் வந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிமை வணிகம் அதில் கலந்திருந்தது. 1204இல் சிலுவைப்போர் வீரர்களோடு சேர்ந்து கான்ஸ்டாண்டினோப்பிளைச் சூறையாடியதும் அதில் அடக்கம். வெனிஸின் புனித மாற்கு ஆலயத்துக்கு வந்து சேர்ந்த வெண்கலக் குதிரைகள் அந்தக் கொள்ளையில் கிடைத்தவையே.

ஒற்றை ஆளைக் கட்டிப்போட்ட விதிகள்

வெனிஸின் தலைவருக்கு 'டோஜ்' என்று பெயர். ஆயுள் முழுவதும் பதவி. தொடக்க காலத்தில் சில குடும்பங்கள் அப்பதவியைப் பரம்பரைச் சொத்தாக்க முயன்றன. 976இல் கோபங்கொண்ட மக்கள் அரண்மனைக்குத் தீ வைத்து டோஜைக் கொன்றனர். 1032இல், பதவியில் இருக்கும்போதே மகனைக் கூட்டு ஆட்சியாளர் ஆக்கிக்கொள்ளும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 1172இல் மற்றொரு டோஜ் கொல்லப்பட்ட பின், ஆட்சியின் அடிப்படை அவையான பேரவை அமைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு டோஜும் பதவியேற்கும்போது எழுத்தில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த உறுதிமொழி நீண்டுகொண்டே போனது. அயல்நாட்டுத் தூதரைத் தனியே சந்திக்கக் கூடாது. பூ, பன்னீர் போன்ற சிறு பொருள்களைத் தவிர வேறு பரிசு வாங்கக் கூடாது. 1355இல் மரீனோ ஃபாலியர் என்ற டோஜ், தானே முடிசூட்டிக்கொள்ளச் சதி செய்ததாகத் தலை துண்டிக்கப்பட்டார். பேரவை மண்டபத்தில் டோஜ்களின் உருவப்படங்கள் வரிசையாக இருக்கின்றன. அவருடைய இடத்தில் மட்டும் ஒரு கருந்துணி வரையப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

1268இல் உருவான டோஜ் தேர்தல் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். அவையின் இளைய உறுப்பினர் ஒருவர் ஆலயத்துக்குப் போய், கண்ணில் படும் முதல் சிறுவனை அழைத்து வருவார். அவன் கலசத்திலிருந்து பந்துகளை எடுத்துக் கொடுப்பான். பிறகு நடப்பது இது:

1. பேரவையிலிருந்து சீட்டில் 30 பேர் தேர்வாவார்கள்; மீண்டும் சீட்டுப் போட்டு அவர்கள் 9 ஆக்கப்படுவார்கள்.
2. அந்த 9 பேர் 40 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். சீட்டில் அது 12 ஆகும்.
3. அந்த 12 பேர் 25 பேரை, சீட்டில் 9.
4. அந்த 9 பேர் 45 பேரை; சீட்டில் 11.
5. அந்த 11 பேர் தேர்ந்தெடுக்கும் 41 பேர்தான் டோஜைத் தேர்வு செய்வார்கள். குறைந்தது 25 வாக்கு வேண்டும்.

குழப்பமாகத் தோன்றும் இந்த முறையின் நோக்கம் எளியது. கடைசியில் வாக்களிக்கப்போகிறவர் யார் என்று எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாதவருக்கு லஞ்சம் கொடுக்க முடியாது. சிறு பந்துக்கு அவர்கள் வைத்திருந்த 'பல்லோத்தா' என்ற பெயரே இன்று நாம் சொல்லும் 'பேலட்' ஆனது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிறுவன் புதியவன் அல்லன். வெனிஸின் இந்த ஏற்பாட்டுக்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பே, 919இலும் 921இலும், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர்ச் சபை கல்லில் வெட்டிவைத்த குடவோலை விதிகளிலும் அவன் இருக்கிறான். 30 குடும்புகளின் (ஊரின் வட்டாரங்களின்) ஓலைகள் கட்டுக்கட்டாகக் குடத்தில் போடப்படும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் எடுக்கும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்துவைக்க இடம் தரக் கூடாது என்பதற்காகவே அந்த விதி என்று எனக்குப் படுகிறது. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் ஓலை கிடையாது. கடந்த மூன்றாண்டுகளில் பதவி வகித்தவருக்கும் கிடையாது. பதவிக்காலம் 360 நாள்.

இரண்டு ஊர்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பிருந்ததாக எந்தச் சான்றும் இல்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு ஊரும் தனித்தனியே ஒரே தீர்வைக் கண்டன. ஒரே குறையும் இரண்டிலும் உண்டு. உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அந்தணர் சபையின் விதிகள் அவை. ஓலையை எடுக்கும் கை எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், குடத்துக்குள் யாருடைய ஓலை போகிறது என்ற கேள்வி தனியாக நிற்கிறது. வெனிஸின் கதையில் அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் முடிவுசெய்தது.

1297: கதவு மூடிய விதம்

1297 பிப்ரவரியில் டோஜ் பியெத்ரோ கிராதெனீகோ காலத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வரலாற்றில் அதற்கு 'செராத்தா', அதாவது 'அடைப்பு' என்று பெயர். முந்தைய நான்காண்டுகளில் பேரவையில் இருந்தவர்கள், உயர் நீதி அவையான நாற்பதின்மர் அவையில் 12 வாக்கு மட்டும் பெற்றால் மீண்டும் உள்ளே வரலாம் என்பது அதன் சாரம்.

பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இங்கே உண்டு. அந்தச் சட்டத்தால் பேரவை சுருங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியது. அதனால் அதை விரிவாக்கம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அன்று வெனிஸில் வாழ்ந்த ஒருவருக்கும் அது தாராளமான சீர்திருத்தமாகவே தெரிந்திருக்கும். இருக்கைகள் பெருகினாலும், புதிதாக வருகிறவருக்கு வைத்த நிபந்தனைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் இறுகின. கால் நூற்றாண்டுக்குள் உறுப்புரிமை பரம்பரையாகிவிட்டது. 1506 முதல் பிரபுக் குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்குத் 'தங்கப் புத்தகம்' என்று பெயர் நிலைத்தது.

கதவு மூடியதோடு மேலும் மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, 1310இல் பையமோந்தே தியேபொலோ என்ற பிரபுவின் தலைமையில் கலகம் எழுந்தபோது, அதை விசாரிக்கச் சில மாதங்களுக்கென்று 'பதின்மர் அவை' அமைக்கப்பட்டது. அதன் காலம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1335இல் நிரந்தரமானது. குடியரசு முடியும் வரை ரகசிய விசாரணைகளை அதுவே நடத்தியது. இன்று உலகில் எங்கே 'தற்காலிக' அவசர அதிகாரம் பிறந்தாலும், அதற்கு முடிவு நாள் குறித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த 25 ஆண்டுகளே போதிய காரணம்.

இரண்டாவது, வணிகமும் மூடியது. மிளகும் பட்டும் ஏற்றிவரும் நீண்ட பயணங்களுக்கு அரசே கப்பல் கட்டி, அவற்றை ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. ஏலம் கேட்கும் உரிமை பிரபுக்களுக்கே. கையில் காசில்லாத இளைஞரை முதலாளியாக்கிய பழைய பாதை குறுகிப்போனது.

மூன்றாவது, ஒரு சொற்றொடர் மறைந்தது. புதிய டோஜை மக்கள் முன் நிறுத்தும்போது "இவர் உங்கள் டோஜ், உங்களுக்கு விருப்பமானால்" என்று அறிவிப்பது வழக்கம். அது வெறும் சடங்காகவே மிஞ்சியிருந்தது. 1423இல் ஃபிரான்செஸ்கோ ஃபொஸ்கரி பதவியேற்றபோது 'உங்களுக்கு விருப்பமானால்' என்ற பகுதி விடப்பட்டது. அதே ஆண்டு பொதுமக்கள் கூடும் பழைய மன்றமும் ஒழிக்கப்பட்டது. அந்தச் சொற்கள் இருந்தவரை, மக்கள் சம்மதம் வேண்டும் என்ற கொள்கையாவது உயிரோடிருந்தது.

விளைவு ஏன் உடனே தெரியவில்லை?

அடைப்புக்குப் பின் வெனிஸ் சரியவில்லை; பார்வைக்கு மேலும் உயர்ந்தது. 1284இல் முதன்முதல் அச்சடித்த டூகட் என்ற தங்கக் காசு, சுமார் 3.5 கிராம் எடையும் தூய்மையும் குறையாமல் 1797 வரை வெளிவந்தது; மத்தியதரைக் கடலெங்கும் அதை நிறுத்துப் பார்க்காமல் வாங்கினார்கள். 1381இல், போட்டித் துறைமுக நகரமான ஜெனோவாவோடு நடந்த கடும்போர் முடிந்தபோது, போருக்கு உதவிய 30 புதிய குடும்பங்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. 1405க்குள் அண்டை நகரங்களான பாதுவாவும் வெரோனாவும் கைக்கு வந்தன. 1474இல் புதுக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமைச் சட்டம் வந்தது. அச்சுத்தொழிலில் ஐரோப்பாவின் தலைநகராக அந்த ஊர் விளங்கியது.

சேர்த்துவைத்த செல்வம், கட்டிவைத்த நிறுவனங்கள், காசின் மேல் உலகத்துக்கிருந்த நம்பிக்கை ஆகியவை மூன்று நான்கு தலைமுறைகளுக்குத் தாங்கும். ஆணிவேர் அறுபட்ட மரமும் அந்தப் பருவத்தில் பூக்கத்தான் செய்கிறது. மூடிய முடிவை எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளே செழிப்பைக் கண்டதால், அந்த முடிவுதான் செழிப்புக்குக் காரணம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். தேய்வு திருத்தப்படாமல் போவதற்கு, என் மதிப்பீட்டில், இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

வெளியடியா, உள்நோயா?

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும் மலபார் மிளகு போர்ச்சுகலுக்குப் போய்விட்டது, வெனிஸ் அழிந்தது என்று பள்ளிப் பாடங்களில் படிக்கிறோம். நடந்தது அவ்வளவு நேரானதில்லை. முதல் அதிர்ச்சிக்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டின் நடுவில், அலெக்சாந்திரியா வழியாக வெனிஸுக்கு வந்த மிளகு பழைய அளவை மீண்டும் எட்டியது. அந்த வழியை உண்மையில் முறித்தவர்கள் 1600க்குப் பின் வந்த டச்சுக்காரர்கள். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் அந்நாட்டில் வசிக்கும் எவரும் பங்கு வாங்கலாம் என்று விதி இருந்தது. வீட்டு வேலை செய்கிறவர்களும் வாங்கினார்கள். சிறு பணத்தையும் புது மனிதரையும் கடல் வணிகத்துக்குள் இழுக்கும் வெனிஸின் பழைய வித்தை இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருந்தது.

துருக்கியரோடு நடந்த போர்கள், 1571இல் சைப்ரஸ் கைவிட்டுப் போனது, 1630-31இல் நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு மக்களைக் கொண்டுபோன கொள்ளைநோய் என்று அடிமேல் அடி விழுந்தது உண்மை. ஆனால் 1379-80இல் ஜெனோவாவின் படை வாசலிலேயே நின்றிருந்தும் மீண்ட ஊர் இது. இம்முறை ஏன் மீள முடியவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கம்பளித் துணித் தொழில் விடை சொல்கிறது. 1602இல் ஏறக்குறைய 28,000 துணிகள் நெய்த ஊர், நூறாண்டு கழித்து இரண்டாயிரம் சொச்சமே நெய்தது. வாங்குவோர் மெல்லிய, விலை குறைந்த ஆங்கிலத் துணிக்கு மாறிவிட்டார்கள். வெனிஸின் தொழிற்சங்கங்களோ பழைய தரத்தையும் பழைய முறையையும் விதியாகவே வைத்திருந்தன, வரியும் கூடியது. மாற்றத்தால் ஆதாயம் பெறக்கூடிய புதியவர்கள் அவையில் இல்லை. மாற்றத்தால் இழக்கக்கூடியவர்களே அவை. அவர்களில் வசதியானவர்கள் கடலை விட்டு, உள்நாட்டில் பண்ணையும் மாளிகையும் வாங்கிக் குத்தகையில் வாழத் தொடங்கியிருந்தார்கள்.

விலைக்குத் திறந்த கதவு

பிரபுக் குடும்பங்கள் சொத்து பிரியாமலிருக்க மகன்களில் ஒருவருக்கு மட்டும் திருமணம் செய்துவைத்தன. வரதட்சணை ஏறியதால் பெண்கள் பலரைக் கன்னிமடத்துக்கு அனுப்பின. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் 2,500 அளவில் இருந்த பேரவை உறுப்பினர் எண்ணிக்கை, கடைசியில் 1,100 அளவுக்கு இறங்கியது. அவர்களிலும் பலர் பரம ஏழைகள். புனித பர்னபா வட்டாரத்தில் அரசு கொடுத்த வீடுகளில் தங்கியிருந்த அந்த ஏழைப் பிரபுக்கள் தங்கள் வாக்கை விற்றுப் பிழைத்தார்கள். லஞ்சத்துக்கு இடமில்லாமல் வகுத்த தேர்தல் முறை ஒரு விதிகூட மாறாமல் அப்படியே இருந்தது.

கிரீட் தீவுக்காக 1645இல் துருக்கியரோடு போர் மூண்டபோது கஜானா காலி. பிரபுப் பட்டம் ஒரு லட்சம் டூகட் விலைக்கு வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாங்கின. உழைப்புக்கும் துணிவுக்கும் கிடைத்துவந்த இடம் ரொக்கத்துக்குக் கிடைத்தது. 1775இல் உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து 40 குடும்பங்களைச் சேர்த்துக்கொள்வதாக அழைப்பு விடுத்தார்கள். மிகச் சிலரே முன்வந்தார்கள். உள்ளே வர ஒரு காலத்தில் கலகமே நடந்த அவை அது.

இந்த அளவுகோல் எங்கும் பொருந்துமா?

முழுதாகப் பொருந்தாது. ஏதென்ஸ் கி.மு. 451இல் தாய் தந்தை இருவரும் ஏதென்ஸினராக இருந்தால்தான் குடியுரிமை என்று கதவைச் சுருக்கியது. அதன் பேரரசு ஐம்பதாண்டுகளுக்குள் முடிந்தது என்றாலும், மக்களாட்சி அதற்குப் பின்னும் எண்பதாண்டு நடந்தது. ரோமானியரோ கி.பி. 212இல் பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தார்கள். அதற்குள் அந்தக் குடியுரிமையில் வாக்கின் பலம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே வந்தவருடைய ஓலைக்கு மதிப்பிருக்க வேண்டும். அந்த ஓலையை எடுக்கும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். இவற்றில் எது முதலில் போகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். வெனிஸில் கதவு முதலில் போனது, கையின் சுத்தம் கடைசியில் போனது. நாம் செய்திகளில் காணும் நாடுகளில் பலவற்றில் வாக்குரிமை எல்லோருக்கும் இருந்தும், நீதிமன்றமும் தேர்தல் ஆணையமும் ஊடகமும் சுதந்திரம் இழப்பதால் ஓலையின் மதிப்புதான் முதலில் குறைகிறது.

1797 மே 12

நெப்போலியனின் படை உப்பங்கழியின் கரையில் நின்றது. பேரவை கூடியது. முடிவெடுக்கக் குறைந்தது 600 பேர் வேண்டும் என்பது விதி. 537 பேரே வந்திருந்தார்கள். டோஜ் லுதொவீகோ மனீன், குடியரசைக் கலைத்துவிடும் தீர்மானத்தை முன்வைத்தார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வெனிஸுக்காகப் பணியாற்றி, அப்போது ஊரை விட்டு அனுப்பப்பட்ட தல்மாத்திய (எதிர்க்கரை நாட்டு)ப் படையினர், பிரியும்போது மரியாதைக்காகச் சுட்ட வேட்டு அது. உள்ளே இருந்தவர்கள் கலகம் வெடித்துவிட்டதென்று பயந்து அவசரமாக வாக்களித்தார்கள். கலைக்க ஆதரவாக 512, எதிராக 20, இரண்டுக்கும் நடுவில் 5. முடிவை முறையாக அறிவிப்பதற்குள் பலர் பிரபுக்களின் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியேறினார்கள்.

செய்தி சதுக்கத்துக்கு வந்ததும் கூட்டம் திரண்டது. "புனித மாற்கு வாழ்க!" என்று கூவிக்கொண்டு பழைய சிங்கக் கொடியை ஏற்றினார்கள், பிரெஞ்சு ஆதரவாளர்களின் வீடுகளைத் தாக்கினார்கள். அன்றிரவு ரியால்தோ பாலத்தருகே பீரங்கி வைத்துத்தான் அவர்களை அடக்க முடிந்தது. சிலர் அங்கேயே இறந்தார்கள். குடியரசைக் காப்பாற்றத் தெருவுக்கு வந்த அந்தச் சாதாரண மக்களுக்கு, அந்தக் குடியரசின் கலசத்தில் ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு பந்துகூட இருந்ததில்லை.